ஐயரம்மா

1

எங்கள் சேகரத்துக்கு முதல் தடவையாக ஒரு பெண் குருவானவர் மாற்றலாகி வந்தபோது, ஊரில் எழுந்த முதல் சிக்கலுக்கும் வேத வசனத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் சிக்கல்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை ‘ஐயர்’ என்போம். பிராமணர் என்ற பொருளில் இல்லை. மிஷனரிகள் காலத்திலிருந்து வருகிற மரியாதைச் சொல். கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். ஐயருடைய மனைவி ‘ஐயரம்மா’. இந்த ஐயரம்மாவுக்குச் சம்பளம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, துக்க வீடு, பிள்ளை பெற்ற வீடு எல்லாம் அவர் பொறுப்பு. ஐயர் சுமாராக இருந்தாலும் ஐயரம்மா நல்லவராக இருந்தால் சபை சமாளித்துக்கொள்ளும்.

இப்போது ஐயரே ஒரு பெண். ‘ஐயரம்மா’ என்று கூப்பிட்டால் ஐயரின் மனைவி என்று அர்த்தமாகிவிடும். வெறுமனே ‘ஐயர்’ என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. சிலர் ‘மேடம்’ என்றார்கள், சிலர் ‘பாஸ்டரம்மா’. வாலிபர் சங்கத்துப் பையன்கள் ‘ஆயர் ஆன்ட்டி’ வரை போனார்கள். என் ஆச்சிக்கு வேறொரு கவலை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவரைப் பற்றியது.

“அது சரி, அவ மாப்பிள்ளைய என்னன்னு கூப்பிடுவாவ?”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி பல நாள் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மொழியில் ஒரு ஆளுக்குப் பெயர் இல்லை என்றால், அந்த ஆள் அங்கே இதுவரை இருந்ததில்லை என்று அர்த்தமா? இருந்தும் யாரும் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தமா?

2

ஆச்சிக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ‘டீச்சரம்மா’. ஐயரம்மா மாதிரி கணவர் வழியாக வந்தது இல்லை, அவர்களே சம்பாதித்தது. ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் பக்கத்து ஓலைக் கொட்டகையில், பிறகு ஓடு போட்ட அறையில், பிறகு கான்கிரீட் ஹாலில், 41 வருடம் ஓய்வுநாள் பள்ளி. அந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவருக்கும் முதல் ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஆச்சிதான். அவர்களிடம் படித்த பையன்களில் மூன்று பேர் ஐயரானார்கள். லீவில் ஊருக்கு வந்தால் வீடு தேடி வந்து, “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டு நின்றுகொண்டே பேசுவார்கள். ஆச்சி அவர்களை உட்காரச் சொல்வார்கள். தானும் எழுந்து நிற்பார்கள், ஏனென்றால் வந்திருப்பது ஐயர். இரண்டு பேருமே நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஐப்பசி ஞாயிறு. விடிய விடிய மழை. பாலத்துக்கு மேலே தண்ணீர் போனதால் சேகரத் தலைமையிடத்திலிருந்து ஐயரால் வர முடியவில்லை. சபை ஊழியருக்குக் காய்ச்சல். நாற்பது பேர் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்தோம். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் ஆச்சியிடம் போய், “டீச்சர், நீங்க ஏதாவது செய்ங்களேன்” என்றார்.

ஆச்சி எழுந்தார்கள். திருப்பீடத்துக்குப் போகிற இரண்டு படியில் ஏறவில்லை. பிரசங்க பீடத்தின் பக்கமும் போகவில்லை. முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் நின்று ஜெபித்தார்கள், பாட்டு எடுத்துக்கொடுத்தார்கள், பிறகு சாறிபாத் ஊர் விதவையைப் பற்றிப் பேசினார்கள். பானையில் ஒரு பிடி மாவு மட்டும் வைத்திருந்தவளிடம் போய் எலியா தீர்க்கதரிசி முதலில் எனக்கு ஒரு அடை சுட்டுக்கொடு என்று கேட்டாரே, அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று ஆச்சி சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கொடுத்தவளைப் பற்றிப் பேசுகிற பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டவரின் கூச்சத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசிக் கேட்டதில்லை.

பல வருடம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, சபையின் ஆண்டுவிழா மலருக்காகப் பழைய ஆராதனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆர்வத்தோடு அந்த ஞாயிறைத் தேடிப் பிடித்தேன். ‘நடத்தியவர்’ என்ற கட்டம் காலி. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஐயர் வரவில்லை, ஜெபம் மட்டும்.

ஆச்சியிடம் சொன்னேன். “சரியாத்தான எழுதியிருக்காவ” என்றார்கள்.

3

பாளையங்கோட்டையில் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த கிளாரிந்தா என்ற மராத்தியப் பிராமண விதவை கட்டியது. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறார் என்று சொல்லி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 1780இல், பாளையங்கோட்டை சபையின் முதல் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆனது.

திருநெல்வேலித் திருச்சபை வரலாறு அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. பின்னால் வந்த மிஷனரிகள், பள்ளிகள், கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு பெயர் நிற்கிறது. அ. மாதவையா 1915இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். ஆனால் அந்தச் சபைக்குக் குரு தேவைப்பட்டபோது என்ன நடந்தது? தஞ்சையில் 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அனுப்பப்பட்டார். நல்ல மனிதர், நன்றாக உழைத்தவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சபையைத் தொடங்கியவரையே அதன் மேய்ப்பராகவும் ஆக்கலாமே என்ற யோசனை அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். கிளாரிந்தாவுக்கே தோன்றியிருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பைபிள் உமன்’ என்ற ஒரு வேலை வந்தது. ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய், அடுக்களையில் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, வேதம் படித்துக் காட்டிய பெண்கள். தென்னிந்தியக் கிறிஸ்தவம் வீடுகளுக்குள் பரவியதில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்கள் செய்தது போதனைதான். அதற்கு வைக்கப்பட்ட பெயர் உதவி.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. முதல் பெண் குருவானவர் 1976இல் அபிஷேகம் பெற்றார். பாளையங்கோட்டைப் பட்டியலிலிருந்து எண்ணினால் 196 வருடம். இதில் ஒரு ஆச்சரியமும் உண்டு. பெண்ணுரிமை என்பதெல்லாம் மேற்கிலிருந்து தாமதமாக வந்து இறங்குகிற சரக்கு என்று நினைத்துக்கொள்வோம் இல்லையா, இதில் அப்படி நடக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை தன் முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 1994இல். பிஷப் விஷயத்திலும் அப்படியே. ஆந்திராவின் நந்தியாலில் எக்கோணி புஷ்பலலிதா 2013இல் பிஷப் ஆனார். இங்கிலாந்தின் முதல் பெண் பிஷப் லிபி லேன் 2015இல். 2025 அக்டோபரில் சாரா முல்லலி கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அறிவிக்கப்பட்டபோது உலகமே அதிசயித்தது. எங்கள் ஊர்க்காரர்கள், “நம்ம ஊருக்கே வந்தாச்சே” என்று வாட்ஸாப்பில் போட்டார்கள். அதே குழுவில்தான் ‘மேடம்’ என்று அழைப்பதா வேண்டாமா என்ற விவாதமும் நடந்தது.

4

பெண்கள் சபையில் போதிக்கலாமா என்று விவாதம் வந்தால் உடனே வசனங்கள் வரும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம் பெண்களை மௌனமாக இருக்கச் சொல்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் போதிக்க அனுமதி மறுக்கிறது. இவற்றை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையில் முக்காடு இருக்க வேண்டும் என்கிறார் பவுல். பேசவே கூடாது என்றால் பேசும்போது முக்காடு எதற்கு? 14ஆம் அதிகாரத்தின் அந்த இரண்டு வசனங்கள் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இடம் மாறி, அதிகாரத்தின் கடைசியில் வருகின்றன. அதனால் அவை ஓரக்குறிப்பாக இருந்து பின்னால் உள்ளே நுழைந்தவை என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். தீமோத்தேயு நிருபத்தில் ‘அதிகாரம் செலுத்துவது’ என்று மொழிபெயர்க்கப்படும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. அதன் சரியான பொருள் என்ன என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இந்த வசனங்களைவிட ரோமர் 16ஆம் அதிகாரம் பிடிக்கும். அது ஒரு பெயர்ப் பட்டியல். கடிதத்தின் முடிவில் பவுல், இவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள், அவரை வாழ்த்துங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். படிக்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போகிற பக்கம். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதி மாதிரி.

முதல் பெயர் பெபேயாள். அவளுக்குப் பவுல் கொடுக்கும் அடைமொழி டியாகோனோஸ். ரோமருக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனவளே அவள்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் கடிதம் கொண்டுபோகிறவர் அநேகமாக அதை வாசித்துக் காட்டி, கேட்கிறவர்களின் சந்தேகத்துக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியென்றால் ரோமர் நிருபத்தின் முதல் விளக்க உரையாளர் ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். இதே டியாகோனோஸ் என்ற சொல்லை வேறு இடத்தில் பவுல் தனக்கும் போட்டுக்கொள்கிறார். ஆங்கிலத்தின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு பவுலுக்கு ஒரு சொல்லும் (மினிஸ்டர்) பெபேயாளுக்கு வேறு ஒரு சொல்லும் (சர்வன்ட்) போட்டது. நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் அந்தப் பாரபட்சம் செய்யவில்லை. அவர் ஊழியக்காரர், அவள் ஊழியக்காரி.

மொழிபெயர்ப்பாளர்கள் நேர்மையாக இருந்தார்கள். நம் வாய்தான் சதி செய்தது. ‘ஊழியக்காரர்’ என்று சொன்னால் இன்றைக்கு நம் மனதில் வருவது மேடை, மைக், கோட்டு, சுவரொட்டி. ‘ஊழியக்காரி’ என்று சொல்லிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்தான் நினைவுக்கு வருவாள். ஒரே சொல்லின் ஆண்பால் மேடை ஏறிவிட்டது, பெண்பால் அடுக்களையில் தங்கிவிட்டது.

அதே பட்டியலில் யூனியா என்று ஒரு பெயர். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்கிறார் பவுல். நான்காம் நூற்றாண்டில் கிரிசோஸ்தம் இதற்கு உரை எழுதும்போது, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியான பெண்ணா என்று வியந்து பாராட்டுகிறார். அவர் பெண்களிடம் தாராளமாக நடந்துகொண்ட ஆளும் இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது சங்கடமாக இருந்தது. அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும், எனவே இது யூனியாஸ் என்ற ஆண்பெயராக இருக்கும் என்றார்கள். யூனியா என்ற பெண்பெயர் ரோமானியக் கல்வெட்டுகளில் 250 தடவைக்கு மேல் கிடைக்கிறது. யூனியாஸ் என்ற ஆண்பெயர் அந்தக் காலத்தில் ஒரு இடத்தில்கூட அகப்படவில்லை. இருந்தும் 1927இல் வந்த நெஸ்லே கிரேக்கப் பதிப்பு உச்சரிப்புக் குறியை மாற்றி அவரை ஆணாக்கியது. ஒரு குறி இடம் மாறினால் போதும், ஒரு பெண் காணாமல் போய்விடுவாள். 1998இல்தான் திரும்பப் பெண்ணாக அச்சானார். அப்போஸ்தலர்களுக்குள் ஒருவர் என்று பொருள் இல்லை, அப்போஸ்தலர்கள் நடுவே அறியப்பட்டவர் என்றுதான் பொருள் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது நியாயமான இலக்கண விவாதம். ஆனால் யூனியா ஆணாக எண்ணப்பட்ட நூற்றாண்டுகளில் அந்த இலக்கண சந்தேகம் பெரிதாக எழவில்லை. பெண் என்று உறுதியான பிறகுதான் அது சூடுபிடித்தது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

5

எதிர்த் தரப்பு சொல்வதை அதன் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் நாம் அதைச் செய்வதில்லை.

அவர்களின் வலுவான வாதம் இது: குருத்துவம் வேலைவாய்ப்பு இல்லை, உரிமையும் இல்லை. அது அழைப்பு. யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மதிப்பு ஒன்றே, பொறுப்புதான் வேறு வேறு. இயேசு பன்னிரண்டு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார், அதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை. கடைசிப் பகுதி 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்ன நிலைப்பாடு. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு அதுதான்.

உரிமை இல்லை என்பதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் ஆணுக்கும்தான் உரிமை இல்லை. அழைப்பது கடவுள் என்றால், வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் உனக்கு அழைப்பு இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பாதிப் பேரிடம் கேட்பதற்கு முன்னாலேயே உனக்கு இருக்காது என்று சொல்வது, கடவுளின் பதிலைக் கடவுளுக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது.

பன்னிரண்டு பேர் ஆண்கள் என்பது சரி. பன்னிரண்டு பேரும் யூதர்கள்கூட. அதை யாரும் நிபந்தனையாக வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் நாசரேத்து என்ற ஊரின் பெயர் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்திருக்காது.

‘மதிப்பு ஒன்று, பொறுப்பு வேறு’ என்ற வாதம்தான் தமிழ்க் கிறிஸ்தவனான என்னை அதிகம் கலங்கடிக்கிறது. ஏனென்றால் இதை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு. வேதநாயக சாஸ்திரியார் மாதிரி ஒரு பெரிய கவிஞரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். அவர்கள் தாழ்ந்தவனுக்கு மோட்சம் இல்லை என்று சொல்லவில்லை. மோட்சம் எல்லோருக்கும் ஒன்றே, கோயிலில் உட்காரும் இடம் மட்டும் வேறு, அது உலக வழக்கம் என்றார்கள். கேட்க எவ்வளவு மென்மையாக இருக்கிறது. இன்றைக்கு அதை மேடையில் சொல்ல ஒருவரும் துணிய மாட்டார்கள் (நடைமுறையில் கல்லறைத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை). கலாத்தியர் நிருபத்தில் பவுல் யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன், ஆண் பெண் என்று மூன்று ஜோடிகளை ஒன்றாகக் கலைக்கிறார். சாதிக்கு எதிராக அந்த வசனத்தைப் பிரசங்கித்த அதே வாய், மூன்றாவது ஜோடி வரும்போது, “அது ஆவிக்குரிய அர்த்தத்தில்” என்று தணிகிறது. பிறப்பால் மட்டும் தீர்மானிக்கப்பட்டு, எந்த வரமும் எந்த உழைப்பும் மாற்ற முடியாத ‘வேறு பொறுப்பு’, மதிப்பைத் தொடாமல் இருக்கும் என்று இந்த மண்ணில் பிறந்த ஒருவரால் எப்படி நம்ப முடிகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர்கள் என்று ஒரு பிரிவு கிளம்பியது. துன்புறுத்தலின்போது பயந்து விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்த குருமார்கள் கொடுக்கும் திருவருட்சாதனம் செல்லாது என்றார்கள். அகஸ்டின் மறுத்தார். கொடுப்பவன் எவ்வளவு கேவலமானவனாக இருந்தாலும் கொடுக்கப்படுவது கெடாது, ஏனென்றால் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்து என்றார். திருச்சபை அகஸ்டின் பக்கம் நின்றது, இன்றும் நிற்கிறது. அதாவது துரோகியின் கை தடை இல்லை, திருடனின் கை தடை இல்லை. டீச்சரம்மாவின் கை மட்டும் எப்படித் தடையாகிறது? குரு கிறிஸ்துவின் அடையாளமாக நிற்கிறார், அதனால் ஆண் உருவம் அவசியம் என்று கத்தோலிக்க இறையியல் பதில் சொல்கிறது. அதைப் படித்திருக்கிறேன். ஆனால் கிறிஸ்துவிடம் மீட்புக்கு முக்கியமானது அவர் மனிதனானது என்றுதான் அவர்களின் விசுவாசப் பிரமாணமே சொல்கிறது. ஆணானது என்று சொல்லவில்லை.

6

இவ்வளவும் எழுதிவிட்டு ஆச்சியிடம் மாட்டிக்கொண்டேன். “ஆச்சி, நீங்க அன்னைக்கு அந்தப் படியில ஏறியிருக்கலாம்லா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்கு எதுக்குய்யா அது? மேல ஏறுனா திருமண்டலத் தேர்தல்ல நிக்கணும், கேஸ் போடணும், ஒருத்தரையொருத்தர் அடிச்சிக்கிடணும். பொம்பளைகளாவது அதுல விழாம இருக்கட்டுமே.”

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்துச் சபை அரசியலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கூர்மையான விமரிசனம் என்று தெரியும். நார்வேயின் தத்துவவாதி யோன் எல்ஸ்டர் 1983இல் ‘புளித்த திராட்சை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று மனம் தானே மாற்றிக்கொள்வதைப் பற்றியது. ஆச்சியின் பதிலை நான் உடனே அதில் போட்டு மூடிவிடலாம். அடக்குமுறையைப் பழகிக்கொண்ட மனம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் 41 வருடம் போதித்த ஒருவரின் பேச்சை, அவருக்கே தெரியாத காரணம் ஒன்றைக் காட்டித் தள்ளிவிடுவது, பதிவேட்டில் ‘ஜெபம் மட்டும்’ என்று எழுதியவர் செய்ததிலிருந்து எவ்வளவு தூரம்? அவரும் ஆச்சி செய்ததை வேறு பெயரில் எழுதினார். நானும் ஆச்சி சொன்னதை வேறு பெயரில் எழுதப் போகிறேன்.

கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான். ஆச்சியின் மறுப்பு ஞானமா, பழக்கமா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, ஆச்சியாலும் முடியாது. அந்தப் படி அவர்களுக்குத் திறந்திருந்து, அப்போதும் வேண்டாம் என்று தரையில் நின்றிருந்தால் மட்டுமே சொல்லியிருக்கலாம். பூட்டிய கதவு உள்ளே போக நினைப்பவரை மட்டும் தடுப்பதில்லை. வேண்டாம் என்று நிற்பவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லிலிருந்தும் அதன் மதிப்பை எடுத்துவிடுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது இறையியல் இல்லை, ஆபீஸ். எங்கள் டீமில் ஒருவர் இருந்தார், என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். டிசைன் எல்லாம் அவர் பார்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவரே. ஆனால் அப்ரூவல் கொடுக்கும் பட்டன் அவர் ஸ்கிரீனில் இருக்காது. அவர் பார்த்துச் சரி என்று சொன்னதை நான் கிளிக் செய்வேன். லீட் பதவி வந்தபோது எனக்கு வந்தது. “அவங்களுக்குக் குழந்தை சின்னது, அவங்களே விரும்ப மாட்டாங்க” என்றார் மேனேஜர். அவரிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. நான் அன்றைக்கு வாயைத் திறக்காதது கோழைத்தனம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது.

அதனால்தான் ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய் கதையில் என் கண் பிஷப் மேலும் போகிறது. இரண்டாம் உலகப் போர். மக்காவில் அகதிகள் நிரம்பிய ஒரு சிறிய ஆங்கிலிக்கன் சபை. ஜப்பானியர் பிடித்த பகுதிகளைத் தாண்டி அங்கே போய் நற்கருணை கொடுக்கக் குருமார்களால் முடியவில்லை. சபையை நடத்திக்கொண்டிருந்தது டீக்கனான லீ. ஹாங்காங் பிஷப் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25 அன்று, போர் நடந்துகொண்டிருந்த சீனாவில், அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குரு. புதிதாக ஒன்றை உண்டாக்குகிறோம் என்று ஹால் நினைக்கவில்லை. பேதுரு புறஜாதியானான கொர்நேலியுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததோடு அதை ஒப்பிட்டார். கடவுள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், இனி நான் எப்படி மறுப்பது என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

போர் முடிந்தது, நெருக்கடியும் முடிந்தது. உடனே சபைத் தலைமைகளுக்கு ஒழுங்கு நினைவுக்கு வந்தது. ஹாலுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று லீ 1946இல் குருவாகப் பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தைத் துறக்கவில்லை, உரிமத்தை மட்டும் விட்டார். பிறகு கம்யூனிஸ்ட் சீனாவில் பண்ணை வேலை, கோழி வளர்ப்பு. ஹாங்காங் சபை அவரை 1971இல் மறுபடி குருவாக ஏற்றது. 1992 பிப்ரவரியில் இறந்தார். அதே வருடம் நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபை பெண் குருத்துவத்துக்கு ஓட்டெடுத்தது. சாதாரண விசுவாசிகளின் அவையில் இரண்டு ஓட்டு குறைந்திருந்தால் தோற்றிருக்கும்.

பாலத்துக்கு மேலே தண்ணீர் போகும்போது பெண் வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஒழுங்கு வேண்டும். மக்காவிலும் எங்கள் ஊரிலும் ஒரே விதி. உயிர்த்தெழுந்ததை முதலில் பார்த்துச் சொன்ன மகதலேனா மரியாளையும் சீஷர்கள் முதலில் நம்பவில்லை, பிதற்றல் என்று நினைத்தார்கள் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான திருவிழாவாக உயர்த்தியது. அப்போஸ்தலருக்கே அப்போஸ்தலர் என்றது. பட்டம் பெரியதுதான். ஆனால் அவர் இன்றைக்கு வந்தால் அங்கே பீடத்தில் நிற்க முடியாது.

7

ஆச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது அந்தப் பெண் குருவானவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். நான் லீவில் ஊரில் இருந்தேன். ஆச்சி என்ன செய்வார்கள் என்று எனக்கு உள்ளூர பயம். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

அவர் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சங்கீதம் சொல்ல ஆரம்பித்தார். புத்தகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னவர், நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். கண்ணை மூடிப் படுத்திருந்த ஆச்சி கையை லேசாகத் தூக்கி, விட்ட வரியை எடுத்துக்கொடுத்தார்கள். அவர், “ஆமா டீச்சர்” என்று சொல்லி அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பிறகு அப்பத்தைக் கொடுத்தார். ஆச்சி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு கேட்டேன்.

“அப்பம் அப்பந்தான். கையையா பாத்து வாங்குவாவ?” என்றார்கள். அகஸ்டின் தொனாத்தியர்களுக்கு எழுதிய அத்தனை பக்கமும் இதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சியே தொடர்ந்தார்கள். “ஆனா நான் ஏற மாட்டேன்யா. அது வேற.”

வேறுதான். அதில் தலையிட எனக்கு வேலை இல்லை. எனக்கு இருந்த வேலை இரண்டு. ஒன்று, அந்த மூத்த சகாவுக்குப் போன் செய்து, ஐந்து வருடம் தாமதமாக, மேனேஜர் சொன்னதையும் நான் சும்மா இருந்ததையும் சொல்வது. சொன்னேன். “தெரியும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று, அந்தப் பதிவேட்டின் டிஜிட்டல் பிரதி. அது என் கணினியில் இருந்தது. பழைய தாளில் இருப்பதை நான் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. பிரதியில், அந்த ஐப்பசி ஞாயிறுக்கு நேரே, அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தேன். நடத்தியவர் யார், எந்த வேதபாகம், என்ன பேசினார் என்று. பார்த்தவன் என்ற முறையில் கீழே என் பெயர். அதை இப்போது இருக்கிற ஐயருக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.

அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஐயர். முதல் இரண்டு வாரம் நாக்கு தடுக்கியது, பிறகு பழகிவிட்டது.